ஒரே படத்தில் வேண்டாம்

முன்பணம் தரும்போதே சொல்லிவிட்டாள் கின் ஹ்னின்:
"அவரும் நானும் ஒரே படத்தில் வேண்டாம்."
பக்கோக்கூவில் இருபது வருடமாய்ப் படமெடுக்கிறேன்.
கல்யாணத்தில் மாமியாரை வெட்டச் சொன்னவர்கள் உண்டு,
கடன்காரனை ஓரமாய் நிறுத்தச் சொன்னவர்கள் உண்டு.
சரி என்றேன்.

ஏழு வயது போ ஸின் காலையில் இளவரசன்.
உதட்டில் சாயம், சரிகைத் தொப்பி,
வாடகைக் குதிரை, மேலே பொன்குடை.
தெருமுனையில் குதிரை சாணி போட
இளவரசன் கைதட்டிச் சிரித்தான்.
அது நல்ல படம்.

தகப்பன் தெய்ன் லுயின்
எல்லைக்கு அப்பால், மேசோட்டில்,
பனியன்களின் பிசிறு நூல் வெட்டுகிறவன்.
நான்கு வருடம் கழித்து
இரவுப் பேருந்தில் வந்திறங்கினான்.
சட்டையில் இன்னும் அட்டையின் மடிப்புக் கோடு.

மடத்துக் கிணற்றடியில் பையனை உட்காரவைத்து
வெள்ளைத் துணி கொண்டுவந்தார்கள்.
உதிரும் மயிர் மண்ணில் விழக் கூடாது.
துணிக்கு நான்கு முனை:
இரண்டு தாய்க்கு, இரண்டு தகப்பனுக்கு.
வேறு கை இல்லையா என்று சுற்றிலும் பார்த்தாள்.
இருந்தன.
ஒன்றும் நீளவில்லை.

உ வண்ணசாரர் சவர்க்காரம் தேய்த்தார்.
"என்னோடு சொல்லு."
கேசா, லோமா, நகா, தந்தா, தசோ.
தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல்.
ஒருவர் இன்னொருவரிடம் பார்ப்பது
இந்த ஐந்தைத்தான்;
இதற்காகத்தான் இத்தனை காதலும் வழக்கும்.
பிக்கு அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.
பையன் தந்தா என்னும்போது
விழுந்த பல்லின் இடத்தை நாக்கால் தேடினான்.

முதல் கற்றை விழுந்தது.
துணி தொய்ந்து கிடந்ததால்
ஈரமயிர் விளிம்புக்கு நழுவி ஓடியது.
"இழுத்துப் பிடியுங்கள்" என்றார் பிக்கு.
அவன் இழுத்தான். அவள் இழுத்தாள்.
பிரியும்முன் மூன்று வருடம் அதைத்தான் செய்தார்களாம்,
அக்கம்பக்கம் சொல்லும்.
இன்றைக்குத்தான் அந்த இழுப்புக்கு
ஒரு வேலை கிடைத்தது.
துணி விறைத்து நின்றது.

அவளை எடுத்தேன். இடம் மாறி அவனை எடுத்தேன்.
காதோரம் கத்தி பட்டு
ஒரு பொட்டு ரத்தம்.
அவள் இரண்டு கையும் துணியில்.
இன்னும் அரைமணியில் துவராடை ஏறிவிடும்,
அதன்பின் பெற்றவளும் தொடக் கூடாது.
குனிந்து ஊதினாள்.
பையன் கூச்சத்தில் நெளிந்தான்.
"அசையாதே" என்றார்கள்,
தாயும் தகப்பனும் ஒரே குரலில்.
பிறகு இருவரும் வேறுவேறு திசையில் பார்த்தார்கள்.

மழித்து முடிந்தது.
தலை இத்தனை சின்னதா என்று இருந்தது எனக்கு.
இனித் துணியை மடிக்க வேண்டும்.
எட்டி நின்று மடிக்க யாரால் முடியும்?
அவன் இரண்டடி வந்தான்,
அவள் ஓரடி.
முனைகளை அவள் கையில் வைத்தான்.
விரல் பட்டதா?
கேமராவைத் தாழ்த்திவிட்டேன்,
வாக்கு வாக்குதான்.
கண்ணால் பார்த்தேன்; அதற்கு முன்பணம் வாங்கவில்லை.

பொட்டலத்தை மடத்து அரசமரத்தடியில் புதைத்தார்கள்.
புதுச் சாமணேரர்முன் இருவரும் விழுந்து வணங்கினார்கள்,
நடுவில் மூன்று பாய் இடைவெளி விட்டு.
மாலைப் பேருந்துக்கு அவன் போய்விட்டான்.

ஒரு மாதம் கழித்து ஆல்பம் வாங்க வந்தாள்.
மடத்தில் ஒன்பது நாள் இருந்துவிட்டு
வீடு திரும்பிய பையன்
வாசல் கண்ணாடியில் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.
முள்முள்ளாய் முளைத்திருந்தது.
அவள் கடைசிப் பக்கம்வரை புரட்டினாள்,
திரும்ப முதலிலிருந்து.
"துணி மடித்தது இல்லையா?"
"நீங்கள்தான் சொன்னீர்கள்."
"ஆமாம். நான்தான்."

மீதிப் பணத்தை எண்ணி வைத்தாள்.
ஐந்நூறு கியாட் குறைந்தது.
நான் கேட்கவில்லை.