தட்டு மறையும் ஆழம்

கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
பென்சிலால் எழுதினேன்:
காயங்கேணி. புதன்.
பெருக்கு நிற்பது ஆறு நாற்பது.
ஒரு கோடு போட்டு அதற்குக் கீழே
காற்று, ஒன்பது.

இந்தக் கரையில் கடல் ஏறுவதும் இறங்குவதும்
கெண்டைக்கால் அளவுதான்.
முருகைக்கல்லுக்கு மேலால் நீந்துகிறவளின்
வயிற்றுக்கும் கல்லுக்கும் இடையில்
அந்தக் கெண்டைக்கால்தான் கிடக்கிறது.

வற்றில் போனால் களப்பு வாய்
கண்டல் இலைச் சாற்றையெல்லாம் துப்பும்.
பெருக்கோடு வருவது வெளிக்கடல்.
ஏறி முடித்து இறங்கத் தொடங்குமுன்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும் ஒரு நேரம்,
நாற்பது நிமிடம் இருக்கும்.
அதற்குள் இறங்கி அதற்குள் ஏற வேண்டும்.

மூன்று பாகம் ஆழத்தில்
பத்திநாதனின் எஞ்சின்.
பதினைந்து குதிரை, இன்னும் ஏழு தவணை.
போன வெள்ளி இரவு ஆணி கழன்று
"ஒரு சத்தமும் போடாமப் போச்சுது பிள்ளை" என்றார்.

நிப்ராஸுக்கு ஓட்டமாவடியில் டயர் கடை.
சிலிண்டர் இரண்டும் பாசிக்குடாவில் நிரப்பினான்.
டயருக்கு முப்பது, இதுக்கு இருநூறு என்று
ஒவ்வொரு முறையும் அதே பகிடி.
நூறில் திரும்புவோம்.
போகையில் திசைகாட்டி எண்பது,
வருகையில் இருநூற்று அறுபது.
அலை எழும்பினால் கல்லால் ஏறுவதில்லை,
தெற்கே தாழம்புதருக்கு நேரே மணல் வாய்.
தூக்குவதற்கு நைலான் கயிறும் இரண்டு வெற்றுக் கேனும்.
கரையில் நல்ல தண்ணீர் நிறைத்த நீலப் பீப்பாய்:
உப்புக்குள் கிடக்கும் மட்டும் எஞ்சினுக்குப் பெரிய பயமில்லை,
காற்றுப் பட்டதும்தான் துரு ஓடத் தொடங்கும்.

எழுதி முடிக்கப் பதினொரு மணி.
காட்டுப் பக்கம் இடித்தது.
அதை நான் எழுதவில்லை.

காலையில் கடல் தகடு போலக் கிடந்தது.
நிறம் மட்டும் பிளேன்டீ.

வீட்டு வெள்ளைத் தட்டை,
நீலக் கரை போட்ட பீங்கான்,
ஈயக்குண்டோடு கயிற்றில் கட்டியிருந்தேன்.
முழத்துக்கு ஒரு முடிச்சு.
நீந்திப் போய் இறக்கினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றில் தட்டு இல்லை.
கொஞ்சம் தள்ளிப் போய் இறக்கினேன்.
மூன்று.

எட்டு முடிச்சுக்குக் குறைந்தால் இறங்குவதில்லை
என்று தாளில் இருந்தது.
எழுதியவள் நான்தான்.
ராத்திரி எழுதியவளை
எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கவில்லை.

பத்திநாதன் முழங்கால் நீரில் நின்று
என் வாயைப் பார்த்து எண்ணியிருக்கிறார்.
"மேலதான் கலங்கல். அடியில தெளிவா இருக்குமோ?"

இருக்கலாம்.
மழைத்தண்ணீர் மேலே மிதக்கும்,
உப்பு தன் பாட்டில் கீழே கிடக்கும்.
ஒரு பாகம் தாண்டினால் எஞ்சினின் சிவப்பு மூடி
கல்லிடுக்கில் பளிச்சென்று
இருக்கலாம்.
அந்தச் சொல்லுக்கு
பில்லின் பின்பக்கத்தில் ஒரு வரியும் இல்லை.

"இருக்கலாம்" என்றேன். "இண்டைக்கு வேண்டாம்."

நிப்ராஸ் ஏற்கெனவே
இடுப்புப் பட்டியிலிருந்து ஈயத்தை உருவிக்கொண்டிருந்தான்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
கயிற்றை அவிழ்க்காமலே அந்தத் தட்டில்
புட்டும் மீன் சொதியும் போட்டுச்
சாப்பிட்டோம் மூவரும்.

நாளை ஏழரை.
மறுநாள் எட்டு இருபது.
அதற்கடுத்த நாள் ஒன்பது பத்து.
நிலா பிந்திப் பிந்திப் போகும், கடலும் அதோடு.
காற்று ஒன்பதுக்கே வரும்.

ஆறு நாற்பதை வெட்டினேன்.
பத்திநாதன் பீப்பாயைக் கவிழ்க்கக் கை வைத்தார்,
பாரம் என்ன செய்யும் என்று.
கொட்ட வேண்டாம் என்றேன்.
பலகையால் மூடி
மேலே ஒரு கல் வைத்தார்,
காகம் இறங்காமல்.