கடைசி ஆள்

நாலே முக்காலுக்கு ஐந்து ரோட்டில் ஒன்பது பேர்.
டயரை அமுக்கிப் பார்க்கும் கட்டைவிரல்கள்.
"இன்னைக்கு வாலு யாரு?" என்றார் தேவசகாயம்.
எல்லோரும் குனிந்து ஷூக் கயிற்றைக் கட்டினார்கள்.
என் ஷூவில் கயிறு கிடையாது.

வாலுக்கு ஒரே சட்டம்:
யாரையும் முந்தக் கூடாது.
பஞ்சர் பசை, உபரி ட்யூப், எண்ணெய்ப் புட்டி,
பதினோரு வாழைப்பழம்
எல்லாம் என் முதுகில்.

கோரிமேட்டு நாய்கள் எங்களை எண்ணிவிட்டுப் படுத்துக்கொண்டன.
இருட்டில் மலை தெரியாது.
நட்சத்திரம் எங்கே இல்லையோ
அங்கே இருக்கிறது என்று
வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடிவாரத்தில் டீ.
செக்போஸ்ட்காரர் கேட்டார்,
"பஸ்ஸு இருக்கறப்ப எதுக்கும்மா இது?"
இருபது வளைவுக்குள்
ஏதாவது பதில் அகப்படும் என்று கிளம்பினேன்.

கொண்டை ஊசி வளைவு, ஒன்று.
ஹெல்மெட்டுக்குள் புழுங்குகிறதென்று
நான் கொண்டையை வெட்டி மூன்று வருஷம்.
ஊசி மட்டும் இப்படி
மலையெல்லாம் இறைந்து கிடக்கிறது.

ஐந்தாவதில்
முன்னே போனவர்களின் சிவப்பு விளக்குகள்
தலைக்கு மேலே, மரங்களுக்கு நடுவே
தனித்தனியாக ஊர்ந்தன.
எட்டாவதில் அதுவும் இல்லை.
நானும் இளவழகனும்தான்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை.
நாளுக்குப் பத்து மணி நேரம்
சம்மணம் போட்டு, பொடி வைத்து ஊதுகிற ஆள்.
பேச்சில் பொடியே கிடையாது.
"தொண்ணூத்தி நாலு கிலோக்கா. சைக்கிள் மச்சானோடது"
என்று முதல் வளைவிலேயே சொல்லிவிட்டான்.

பதின்மூன்றில் இறங்கினான்.
"சங்கிலி இழுக்குதுக்கா. நீங்க போங்க."

சங்கிலியில் ஒன்றுமில்லை.
எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது
அவனுக்கும் தெரிந்தது.
சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு
கண்ணி கண்ணியாக எண்ணெய் விட்டேன்.
துணியால் துடைத்தேன்.
திரும்பவும் விட்டேன்.
அவன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து
தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
அது யாரோ கொடுத்துவைத்த பொருள்போல.

கீழே சேலம் விளக்கணைத்துக்கொண்டிருந்தது.
வெள்ளைக்கல் சுரங்கம் மட்டும்
கொட்டிப்போன கோலமாவு மாதிரி.
ஒரு குரங்கு வந்து
பையிலிருந்த பழத்தில் நான்கை எடுத்துக்கொண்டு
நிதானமாகத் தோலை உரித்தது.

முதல் பஸ் முக்கி முனகி வந்து நின்றது.
கண்டக்டர் தலையை நீட்டி,
"மேல போட்டுக்கலாம், ஏறுங்க!"
இளவழகன் ஏணியைப் பார்த்தான்.
நான் துணியைப் பார்த்தேன்.
அந்தத் துணியில் பார்க்க ஒன்றும் இல்லை.

பஸ் போனது.
புகை அடங்கியதும்
"சரியாயிடுச்சாக்கா?" என்று எழுந்தான்.
"இப்ப ஓடும்" என்றேன்.

பதினாறு. பதினெட்டு.
மிளகுக் கொடி, காப்பிப் பூ வாசம்,
நெற்றியிலிருந்து உதட்டுக்கு இறங்கும் உப்பு.
இருபது என்ற பலகையை
அவன் கையால் தட்டிவிட்டுப் போனான்,
மாட்டைத் தட்டுவதுபோல.

ஏரிக்கரைக் கடையில்
பொங்கல் தீர்ந்து இலைகள் மடிந்திருந்தன.
போட்டோவும் எடுத்தாயிற்று. அதில் ஏழு பேர்.
"மறுபடி எடுக்கலாமா?" என்றாள் நஸ்ரின்.
இளவழகன் வாயில் இட்லி. தலையை ஆட்டினான்.
ஆமா என்றா, வேண்டாம் என்றா, தெரியவில்லை.

குப்பனூர் வழியாக இறக்கம்.
ஏறும்போது கடனாக இருந்த எடை
இறங்கும்போது வட்டியோடு வரவானது.
தேவசகாயத்தை, நஸ்ரினை, எல்லோரையும் தாண்டி
உருட்டிவிட்ட ஆட்டுக்கல்லாக அவன் போனான்.
பிரேக்கைப் பிடித்துப் பிடித்து
என் விரல்கள் மரத்தன.
வால் முந்தக் கூடாது.

அடியில், புளியமரத்து மோர்க்கடை முன்னால்
வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.
"ஏழு."
வெகுநேரம் கழித்து, என்னைப் பார்த்து,
"எட்டு. நான் ஒம்போது."

அயோத்தியாப்பட்டணம் வெயிலில்
என் சங்கிலி கிறீச்சென்றது.
புட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
காலி.
வீடுவரை அது கத்திக்கொண்டே வந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.