சுவர் மெல்லிசு

ஏற்காட்டிலிருந்து இறங்கும் காலைப் பேருந்தில்
முன்கதவை ஒட்டிய இருக்கை எனக்கு.
கண்டக்டர் குழந்தைவேலு தன் பையை வைத்து இடம் பிடித்திருப்பார்.
மாசமாக இருக்கிறவளுக்கு என்று
மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.
நாலு வருஷமாக அது என் இடம்.

வெளியூர்க்காரர்கள் இருபது வளைவையும்
போட்டோவுக்காக எண்ணுவார்கள்.
நாகலூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான்,
எண்ணாமல் இருக்கத் தெரியாது.
பதினெட்டில் டீக்கடை, பின்னால் தகரக் கதவு, தாழ்ப்பாள் இல்லை.
பதினொன்றில் ஒரு பாறை, உண்ணிச்செடிப் புதர், குரங்குகள்.
ஆறுக்குக் கீழே ஒன்றுமே கிடையாது,
பல்லைக் கடிக்க வேண்டியதுதான்.
கோரிமேட்டில் பெட்ரோல் பங்க்.
அங்கே ஒரு பையன்
என்னைக் கண்டதும் சாவியை நீட்டிவிட்டு
வேறு பக்கம் பார்ப்பான்.
அவன் நன்றாக இருக்க வேண்டும்.

பெண் பார்க்க வந்தபோது
'லேசா வயிற்றுக் கோளாறு' என்றாள் அம்மா.
'அல்சர்' என்று திருத்தினாள் சித்தி.
தனசீலனிடம் நானே சொன்னேன்,
ஏரிக்கரையில், படகுச் சத்தத்துக்கு நடுவே:
பெருங்குடல் முழுக்கப் புண்.
கெட்ட நாளில் பதினாலு முறை. ரத்தத்தோடு.
போய்விடாது. அடங்கும், எழும்.
அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.
'அப்ப ரெண்டு பாத்ரூம் இருக்கிற வீடா பாக்கணும்.'

கோடு இரண்டாகத் தெரிந்த வாரம்
மாமியார் மாத்திரை டப்பாவை எடுத்து
பரணில் வைத்தார்.
பிள்ளைக்கு ஆகாதாம்.
நானும் பேசாமல் இருந்தேன், ஒன்பது நாள்.
பத்தாம் நாள் விடியலில்
பீங்கானில் சிவப்பு.

அதுவரை எனக்கு ரத்தம் ரத்தம்தான்,
பழகிய விருந்தாளி.
அன்று செல்போன் வெளிச்சத்தை அடித்துக் குனிந்தேன்,
எந்த வாசல் வழியாக வந்தது என்று.
குலதெய்வத்திடம் பூக்கேட்டு
வெள்ளையா சிவப்பா என்று
பொட்டலத்தைப் பிரிக்கிறவளின் கை
அப்படித்தான் நடுங்கும்.

அஸ்தம்பட்டியில் டாக்டர் மெஹருன்னிசா
பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்:
'மாத்திரைய நிறுத்தச் சொன்னது நானா?'
இல்லை.
'உனக்கு நான் குடுத்தது பிள்ளைக்கும் சேத்துதான்.
உன் குடல் கொந்தளிச்சா அதுதான் அதுக்கு ஆகாது.
பரணுக்கு ஏணி இருக்கா?'
தனசீலன் ஏணி தேடவில்லை.
நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

கீழே பழைய குடித்தனக்காரன்.
நேரம் காலம் இல்லாமல் கத்துவான், பாத்திரத்தை உருட்டுவான்.
பக்கத்து அறைக்குப் புதிதாக ஒரு ஆள் வந்திருக்கிறது.
சுவர் மெல்லிசு.
யார் தட்டுகிறார்கள் என்று
எனக்கே தெரிவதில்லை.

பத்தொன்பதாம் வாரம்.
பதினொன்றாம் வளைவில் விசில் கொடுத்தார் குழந்தைவேலு,
நான் கேட்காமலே; முகத்தைப் பார்த்தே.
'பஸ்ஸா இது, மாட்டு வண்டியா' என்று யாரோ.
பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.
அடிவயிற்றில் ஒரு துடிப்பு.
வலியாக மாறட்டும் என்று காத்திருந்தேன்,
எப்போதும் மாறும்.
மாறவில்லை.
இன்னொன்று. மீன் வாலால் தொட்ட மாதிரி.
குரங்கு ஒன்று வைத்த கண் வாங்காமல் பார்த்தது.
'போலாமா டீச்சர்?'
'ஒரு நிமிஷம்ணே.'
வேலை முடிந்திருந்தது. ஆனாலும் கேட்டேன்.

இப்போது மாம்பழக் காலம்.
செவ்வாய்ப்பேட்டை முழுக்க மல்கோவா வாசம்.
கடைவாசலில் தட்டுவடைக்கு நடுவே
பீட்ரூட்டும் காரச் சட்னியும் வைத்து அழுத்துகிறார்கள்.
வாயில் வைக்க முடியாது.
எனக்கு ஜவ்வரிசிக் கஞ்சி, உப்புப் போட்டு.
வளைகாப்பின் ஏழு வகைச் சோற்றில்
தயிர்ச்சோறு மட்டும் இறங்கியது.

பிள்ளை காதில் விழட்டும் என்று அடுக்கிய வளையல்கள்
ராத்திரி எத்தனை முறை எழுந்தேன் என்று
வீட்டுக்கே சொல்லிவிடுகின்றன.
நேற்று திரும்பி வந்து படுத்தபோது
இருட்டில் தனசீலன் குரல்.
'மூணா?'
'நாலு.'
'ரத்தம்?'
'இல்ல.'
'அது?'
'முழிச்சிட்டு இருக்கு.
கைய இங்க வை. இல்ல,
இன்னும் கொஞ்சம் மேல.'