வகையுளி

இரண்டு வரிக்கு மேல் கூடாது.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்துக்கு மேல் கூடாது.
பெயரை உடைக்காதே, வினையைப் பிரிக்காதே,
வாயை மறைக்காதே.

நாற்பத்திரண்டு என்று எண்ணியவர்
தமிழில் எண்ணவில்லை.
என் மென்பொருளுக்குப் புள்ளியும் ஓர் எழுத்து,
கொம்பும் ஓர் எழுத்து, காலும் ஓர் எழுத்து.
சிவசிதம்பரநாதன்:
நமக்குப் பத்து, அதற்குப் பதினைந்து.

வென்ட்வொர்த்வில், இரவு பதினொன்றரை.
பிளாக்டவுன் ரயில் போகும்போதெல்லாம்
மேசையில் தேநீர் நடுங்குகிறது.
திரையில் சிவசிதம்பரநாதன்
ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளை மடிக்கிறார்.
பின்னால் மலைமலையாய் வெள்ளைத் துணி.
நான் இட்ட வெள்ளை எழுத்துகள்
அதில் விழுந்து காணாமற்போகின்றன.
ஒரு கறுப்புப் பட்டி வைத்தேன்.
இப்போது அவர் சொல்வதெல்லாம்
மரண அறிவித்தல் போல் இருக்கிறது.
பட்டியைப் பாதி கரைத்தேன். பரவாயில்லை.

பதினேழாம் நிமிடத்தில் சொல்கிறார்:
‘தம்பி வருவான் எண்டு நான் நினைக்கிறது’

நிறுத்துகிறார்.
விரிப்பின் ஒரு மூலையை
இன்னொரு மூலையோடு சேர்க்கிறார்.
நான்கு நொடி.

பிறகு, ‘இல்லை.’

இந்த மொழி இப்படித்தான்.
உண்டா இல்லையா என்பதைக்
கடைசிவரை மடிக்குள் வைத்திருக்கும்.

பள்ளியில் சொல்லித்தந்தது நினைவிருக்கிறது:
ஓசைக்காகச் சொல்லைப் பிளப்பது வகையுளி.
பொருள் கெடும். தவிர்க்க.
விதியும் அதையேதான் சொல்கிறது.
சேர்த்துவிட்டேன்.
‘தம்பி வருவான் எண்டு
நான் நினைக்கிறது இல்லை.’
இரண்டு வரி. ஆறு நொடி. பச்சை விளக்கு.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை நூலகத்தில் ஒத்திகை.
வதனி முன்வரிசையில்.
இரண்டு வயதுக்குப் பிறகு எதையும் கேட்டிராதவள்.
எழுத்து சிறிது என்பாள், வேகம் என்பாள்,
அதற்குத்தான் அழைத்திருந்தோம்.
முடிந்ததும் கைப்பேசியில் தட்டி நீட்டினாள்:

அவர் வாய் மூடியிருந்தது.
நீங்கள் முதலே சொல்லிவிட்டீர்கள்.

வாசிக்க வசதியாக, என்று தட்டினேன்.

இந்த மண்டபத்தில் எல்லோரும்
அந்த நான்கு நொடி
என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?

யோசித்தேன்.
உண்டு என்று முடிப்பார் என நினைத்தோம்,
என்று தட்டினேன்.

தலையாட்டினாள்.
பக்கத்தில் இருந்தவரைக் காட்டினாள்,
அவர் இன்னும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
நான் உங்களுக்கெல்லாம் முன்னால் அழுதேன்.
தனியாக.
எனக்கும் அந்த நான்கு நொடி வேண்டும்.

இரவு கோப்பைத் திறந்தேன்.
‘இல்லை’யை உருவினேன்.
முதல் வரிகள் நிற்கட்டும்,
‘நினைக்கிறது’ வாசலில் நிற்கும் ஆள்போல
உள்ளேயும் வராமல் போகவும் செய்யாமல்.
மூலை மூலையோடு சேரட்டும்.
[விரிப்பு மடிக்கும் ஓசை] என்று போடலாமா?
போட்டேன். எடுத்தேன்.
அவள் பார்க்கத்தான் போகிறாள்.

பிறகு, தனி வரியில், தனிச் சொல்:
இல்லை.

சிவப்பு விளக்கு.
வாக்கியம் உடைந்துள்ளது.
வரி மிகக் குறுகியது.
சரிசெய்யவா?

வேண்டாம் என்பதை அழுத்தினேன்.
மறுபடி கேட்டது.
மறுபடி அழுத்தினேன்.

அடுத்த கோப்பு மாநகரசபையுடையது,
எந்தத் தொட்டியில் எந்தக் குப்பை.
பச்சை மூடி தோட்டக் கழிவுக்கு.
ஒரே வரியில் அடங்கிவிட்டது.