மூன்று விரல் அகலம்

புதன்கிழமை. பெர்கனில் மழை.
அதைக் குறிப்பில் எழுதுவதில்லை.
மேசையைச் சுற்றி ஏழு நாற்காலி. ஏழாவது என்னுடையது,
கதவோரம், தட்டச்சு செய்ய.

வந்தவர் பெயர் தூர்பியோர்க். வயது ஐம்பத்திரண்டு.
ஊஸ்தெரேய் தீவில் நூற்றுப்பத்து ஆடுகள்,
அவற்றை மடக்க ஒரு நாய், க்விக்.
இடது தாடை பூட்டிக்கொண்டு
ஒன்பது ஆண்டுகள்.

கோப்பு கனத்தது.
பல்லைப் பார்த்தவர் பல்லில் பழுதில்லை என்று எழுதியிருந்தார்.
காதைப் பார்த்தவர் காதில் பழுதில்லை என்று.
ஒருவர் நரம்பு என்றார், ஒருவர் வயது என்றார்.
ஒருவர் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிவிட்டுப்
பொறுத்துப் பாருங்கள் என்றார்.
பொறுத்தார்.
பல்லைக் கடித்துக்கொண்டுதான் பொறுத்தார்.
நோயே அதுதான் என்று சொல்ல
அந்த ஊர்களில் ஆளில்லை.

இன்று எல்லோரும் ஒரே அறையில்.
"திறங்கள்" என்றார் இயன்முறை மருத்துவர் ஓஷில்ட்.
இருபத்து மூன்று மில்லிமீட்டர்.
"உங்கள் விரலையே வைத்துப் பாருங்கள், மூன்று."
இரண்டு போனது. மூன்றாவது
உதட்டு வாசலிலேயே நின்றது,
கடை சாத்தியபின் வந்த ஆள்போல.

யூருன் திரையில் படத்தைப் பெரிதாக்கினார்.
மூட்டுக்குள் இருக்கும் குருத்துத் தட்டு
முன்னால் நழுவிக் கிடந்தது,
வாசலில் விலகிய மிதியடி.
"கத்தி வேண்டாம்" என்றார் ஐவின்ட்.
அறுவை மருத்துவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை
நான் அதிகம் தட்டச்சியதில்லை.
ஹல்வார் இரவுக்கு ஒரு பல்லுறை செய்துதரலாம் என்றார்.
ஓஷில்ட் கழுத்துக்குப் பிறகுதான் பல்லுறை என்றார்.
கொஞ்சம் குரல் உயர்ந்தது. ஊர் கூடி இழுக்க
இது தேர் இல்லையே,
ஊர் கூடித் தளர்த்த வேண்டியது.

உளவியலாளர் அஸ்லாக் மட்டும்
எந்த ஆண்டு தொடங்கியது என்று கேட்டார்.

"அந்த வசந்தத்தில் பதினேழு குட்டி செத்துப் பிறந்தது.
ராத்திரியெல்லாம் கொட்டிலில்தான்.
யாரிடமும் வாய் திறக்கவில்லை."

"இப்போது எது இல்லாமல் கஷ்டமாயிருக்கிறது?"

ஆப்பிள் என்பார், இறைச்சி என்பார், கொட்டாவி என்பார்
என்று விரல்களைத் தயாராக வைத்திருந்தேன்.

"சீழ்க்கை.
ரெண்டு விரல் வைத்து ஊதினால்
மலைமேல் க்விக் இடப்பக்கம் திரும்பும்.
இப்போது வெறும் காற்றுதான்.
அது நின்று என்னைப் பார்க்கிறது.
அதற்குள் ஆடுகள் போய்விடுகின்றன."

படிவத்தில் வலிக்குக் கட்டம் உண்டு, உறக்கத்துக்கு உண்டு.
சீழ்க்கைக்கு இல்லை.
'மற்றவை' என்ற இடத்தில் எழுதினேன்.
ஐவின்ட் எட்டிப் பார்த்து,
"அதை மேலே கொண்டுவாருங்கள், முதல் வரியில்" என்றார்.

பிறகு ஓஷில்ட் சொல்லித் தந்தார்:
உதடு சேரட்டும், பல் விலகட்டும்,
நாக்கு மேலண்ணத்தில் படுத்திருக்கட்டும்.
சொன்னது அவருக்குத்தான்.
ஆனால் ஹல்வாரின் கன்னம் இறங்கியது,
ஐவின்டின் வாயிலிருந்து பேனா மூடி விழுந்தது,
எனக்கும் காதோரம் ஏதோ அவிழ்ந்தது.
ஏழு பேரும் ஒரு கணம்
எதையும் கடிக்காமல் இருந்தோம்.

எட்டு மாதம் கழித்து: முப்பத்து நான்கு.
நாற்பது இல்லை. குளிர்நாளில் இன்னும் வலிக்கிறது,
காரட்டைத் துருவித்தான் தின்கிறார்.
கழுத்துப் பயிற்சியைப் பாதி நாள் மறந்துவிடுவதாக
ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது விரல் உள்ளே போனது.
கேட்காமலே இரண்டை மடக்கி ஊதினார்.
பக்கத்து அறையில் யாரோ காபியைக் கொட்டினார்கள்.

"க்விக்?" என்றார் அஸ்லாக்.

"அதற்குப் பதின்மூன்று வயது. காது போய்விட்டது.
கையை வீசினால் ஓடுகிறது" என்று
தாடையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு,
ஓஷில்ட் காட்டித் தந்தபடியே,
சிரித்தார் தூர்பியோர்க். நெடுநேரம் சிரித்தார்.

இதை எங்கே எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை.
அடுத்த கோப்பை எடுத்தேன்.
பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார் ஐவின்ட்.