காரைக்குடி – கோவை, ஜன்னலோரம்

காரைக்குடி புதுப் பேருந்து நிலையத்தில்
ஏறும் முன்பே எனக்குத் தலை சுற்றும்.
டீசலும் யாரோ உரித்த ஆரஞ்சும் போதும்.
கைக்குட்டை மூலைகளில் நீலகிரித் தைலம்,
பையில் கிராம்பு எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய்.
"மருந்துக்கடையே வருதே" என்பார் நடத்துநர்.
மாதம் இருமுறை அவருக்கு நான் வேடிக்கை.

பக்கத்து இருக்கையில் இன்று
மடியில் எவர்சில்வர் தூக்குடன் சமையல்கார அடைக்கலம்.
கோயம்புத்தூரில் கல்யாணமாம், ஆயிரத்து இருநூறு இலை.
குன்றக்குடி தாண்டியதும்
"எனக்கும் ஒரு சொட்டு" என்று உள்ளங்கை நீட்டினார்.
முகர்ந்தார். காத்திருந்தார். மீண்டும் முகர்ந்தார்.
"குளுமை மட்டும் தெரியுது, வாசம் இல்லை.
தை மாசக் காய்ச்சலோட போச்சு.
வீட்டுல கூடச் சொல்லலை."

கிராம்பைத் திறந்தேன்.
நாக்கு நுனியில் தொட்டு, "மரத்துப்போகுது,
அப்போ இது கிராம்பு" என்று
பரீட்சையில் தப்பித்த பிள்ளையாய்ச் சிரித்தார்.
புல் எண்ணெய்க்கு அந்தச் சிரிப்பும் இல்லை.

திருப்பத்தூரில் பஸ் நின்றது.
முறுக்கு, வெள்ளரிப் பிஞ்சு, மூத்திரச் சந்து.
வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது,
காலையில் வறுத்து அரைத்த மசாலா.
சுற்றிலும் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்:
"சோம்பு தூக்கலா இருக்கா, தாயி?
கல்பாசி கருகலையே?"

குனிந்து இழுத்தேன், நெஞ்சு நிறைய.
நீலகிரி.
மறுபடி இழுத்தேன்.
நீலகிரி, நீலகிரி, மலை முழுக்க.
ஹாரன் அடித்தார்கள்.

"சரியா இருக்குண்ணே" என்றேன்.
அவர் அந்தப் பொட்டலத்தை மடித்த விதம் பார்த்து
அடிவயிற்றிலிருந்து எழுந்த குமட்டல்
சிங்கம்புணரி வரை
எந்த எண்ணெய்க்கும் அடங்கவில்லை.