பங்கு

டார்வோ கொண்டுவந்தது ஒரே ஒரு டிஸ்க்.
நீலக் கம்பளிக் காலுறைக்குள் சுருட்டி,
காலுறையைக் கோட்டுப் பைக்குள் திணித்து,
மைனஸ் பதினெட்டில்
எமயோகி ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்திருக்கிறார்.
"உடனே சொருகக் கூடாது, உள்ளே வியர்க்கும்" என்றேன்.
மேசையில் கிடந்து இரண்டு மணி நேரம்
அறைச்சூட்டுக்குப் பழகியது அது.
அவரும்.

இன்னொன்று?
"அது வீவேயிடம்."

பிரியும்போது நியாயமாகத்தான் பிரித்தார்களாம்.
படகு இவருக்கு, கார் அவருக்கு.
இருபத்துநாலு கரண்டி, பன்னிரண்டு பன்னிரண்டாக.
கறுப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு டிஸ்க்;
ஆளுக்கொன்று.
பதினோரு வருஷத்தில்
ஐந்தரை ஐந்தரை கிடைத்ததாய் நினைப்பு.

வேகத்துக்காக அப்படி அமைத்தது என்று விளக்கினேன்.
அறுபத்துநாலு கிலோபைட் இதில்,
அடுத்த அறுபத்துநாலு அதில்,
மறுபடி இதில்.
பனியில் நடந்துபோன ஒருவரின்
இடக்கால் சுவடெல்லாம் உங்களிடம்,
வலக்கால் சுவடெல்லாம் தீவில்.

தனியாகத் தேறுவது
அந்த அளவுக்குள் அடங்கும் சில்லறை மட்டும்.
இவர் டிஸ்கில் முழுசாய்க் கிடைத்தது ஒரு கடைச்சீட்டு:
ஈஸ்ட்
ஆணி, நீளமானது
நாய்க்குக் காது மருந்து
மெழுகுவத்தி வேண்டாம், இருக்கிறது

நாலே வரி.
நெடுநேரம் படித்தார்.

"எனக்கு வேண்டியது வடிகால் வரைபடம்தான்.
பனி உருகினால் நிலவறையில் தண்ணீர் ஏறுகிறது."
நான் ஒன்றும் கேட்கவில்லை.

சாரேமா தீவிலிருந்து வியாழக்கிழமை பார்சல் வந்தது.
கடிதம் இல்லை.
டிஸ்கைச் சுற்றி ஒரு நீலக் கம்பளிக் காலுறை.
இதையுமா பிரித்தீர்கள் என்று
வாய் வரை வந்தது.

மின்சாரம் கொடுத்தவுடன் தெரிந்துவிட்டது.
டிக். டிக். டிக்.
தடம் கிடைக்காமல் தலை
புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சத்தம்.
ரீகாவில் ஒருவரிடம்
அதே மாடல், அதே மாதத் தயாரிப்பு வாங்கி
தலையை மாற்றினேன்.
பிறகு ஐந்து இரவு.
முரண்டு பிடித்த இடத்தைத் தாண்டி,
இளகிய இடத்தை முதலில் வாசித்து,
கடைசியிலிருந்து பின்னோக்கி வந்து,
தொண்ணூற்றொரு சதவீதம்.

எது முதல் டிஸ்க், எது இரண்டாவது?
ஆரம்ப செக்டரைப் பார்த்தாலே தெரியும்.
ஏனோ போன் செய்து கேட்டேன்.
"வீவேயுடையதுதான் முதல்" என்றார் டார்வோ.
வீவே கொஞ்சம் நேரம் பேசவில்லை.
பிறகு, "அவர் என்ன சொன்னார்?"

படங்கள் பட்டை பட்டையாக எழுந்தன.
சவுனாவின் கூரையில் வெயில்,
அதன்கீழ் பச்சை திரிந்து ஊதா,
அதன்கீழ் சாம்பல்.
ஒரு நாய், காதுவரை.
யாரோ சிரிக்கப் போகும் ஒரு நெற்றி.
நிறையப் படங்கள் ஒரு கீறல்கூட இல்லாமல்;
அவற்றை அவர் வேகமாகத் தாண்டினார்.
வடிகால் வரைபடம் நாற்பது கிலோபைட்.
முழுசாக வீவேயின் டிஸ்கில் இருந்தது.

பில் யார் பேருக்கு என்றேன்.
பாதி பாதி என்பார் என்று எதிர்பார்த்தேன்.
"என் பேருக்கே போடுங்கள்.
இரண்டு பிரதி வேண்டும்.
இரண்டும் முழுசாக."

காலுறைகளை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.
ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து
டிராயரில் வைத்திருக்கிறேன்.
ரசீதில் எழுதவில்லை.